மணல் அகழ்வும் ஆற்று மீன்களின் இனப்பெருக்கமும்: மீன் பிடிபடுகிறது, குஞ்சைக் காணவில்லை

முந்தனையான் எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தில் முந்தனை ஆற்றை நம்பித் தொழில் செய்யும் நன்னீர் மீனவர்கள் சிலரின் சார்பில் இந்தக் கேள்வியை முன்வைக்கிறேன். சித்தாண்டிக்கு மேற்கே, ஆறு வயல்வெளிகளுக்கிடையே வளைந்து வரும் பகுதியில், சில வருடங்களாக மணல் அகழ்வு பெருமளவில் நடைபெற்று வருகிறது. முன்பெல்லாம் கோடை காலத்தில் மண்வெட்டியால் வெட்டி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவார்கள். இப்போது பெக்கோ இயந்திரம் ஆற்றுக்குள்ளேயே இறங்கி நின்று அள்ளுகிறது, கரையில் டிப்பர்கள் வரிசையில் காத்து நிற்கின்றன. அகழும் நாட்களில் கீழ்ப்பக்கம் வரும் தண்ணீர் பால்தேநீர் போலக் கலங்கி வருகிறது. அது தெளிவதற்குள் அடுத்த நாள் வேலை தொடங்கிவிடுகிறது.

எங்கள் கவலை மீன் குறைந்துவிட்டது என்பது மட்டும் அல்ல. பெரிய விராலும் கெளிறும் இன்னமும் வலையில் விழத்தான் செய்கின்றன. ஆனால் மாரி தொடங்கிய பின்னர் கரையோரப் புல்லுக்குள் செந்நிறமாகத் திரண்டு, மூச்செடுப்பதற்காக ஒன்றாக மேலே வந்து நீர்ப்பரப்பைச் சலசலக்க வைக்கும் விரால் குஞ்சுக் கூட்டத்தை, அகழ்வு நடக்கும் இடத்துக்குக் கீழே இப்போது காண்பது அரிதாகிவிட்டது. தண்ணீர் வற்றும்போது கரையோர மணலில் திலாப்பியா தோண்டிய வட்டக் குழிகள் நெருக்கமாகத் தெரியும். அவை இருந்த இடத்தில் இப்போது கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும் மென்சேறு படிந்து கிடக்கிறது. இதை ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது, “மீன் பிடிபடுகிறதுதானே, பிறகென்ன பாதிப்பு?” என்று ஓர் அதிகாரி கேட்டார். அதற்கு எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

எங்களில் சிலர், அகழும் இடத்திலிருந்து இரசாயனம் கலந்து வருவதால்தான் மீன்கள் மலடாகின்றன என்று உறுதியாக நம்புகிறார்கள். வெளிநாடுகளில் சுரங்கக் கழிவு மீன்களின் இனப்பெருக்கத்தைக் கெடுத்தது பற்றி வாசித்ததால் வந்த நம்பிக்கை அது. அங்கு நடந்ததும் இங்கு நடப்பதும் ஒன்றுதானா? சுரங்க அகழ்வு மீனின் இனப்பெருக்கத்தை எந்தெந்த வழிகளில் பாதிக்கிறது? ஆய்வுகூடம் இல்லாத நாங்கள் எதைப் பார்த்து, எதை அளந்து, எங்கே எழுத வேண்டும்? விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

கல்லடி வாசி எழுதியது:

அந்த அதிகாரி கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் முழு விடயமும் அதற்குள்தான் இருக்கிறது. வலையில் விழும் பெரிய மீன் ஓரிரு வருடங்களுக்கு முன்னர் பொரித்த முட்டையிலிருந்து வந்தது. இன்றைய தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது. வளர்ந்த மீனுக்கு நீந்தி விலகிச் செல்லும் வலு உண்டு, சில நாட்கள் உண்ணாமல் இருக்கவும் முடியும். முட்டைக்கு அந்த இரண்டுமே இல்லை, அது கிடக்கும் இடத்தில் கிடந்தபடியே பொரிக்க வேண்டும் அல்லது சாக வேண்டும். ஆகவே ஒரு நீர்நிலை கெடும்போது முதலில் நிற்பது குஞ்சுகளின் வரவு. பிடிபடும் மீனின் தொகை அதற்குப் பல மாதங்கள் கழித்தே குறையும். பிடிபடுகிறதா என்று கேட்பவர்கள் கடைசியில் தெரியும் அறிகுறியை முதல் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மணல் அகழ்வினால் வரும் முதற்பெரும் கேடு மிதக்கும் வண்டல். ஆற்று மணலுக்குள் களியும் நுண்மண்ணும் கலந்தே இருக்கின்றன. இயந்திரம் அள்ளும்போது மணல் டிப்பருக்குள் போய்விடும், நுண்மண் தண்ணீரோடு கீழே வரும். ஓட்டம் தணியும் இடத்தில், அதாவது கரையோரத்திலும் புல்லுக்குள்ளும் ஆழமற்ற மூலைகளிலும், அது படியும். மீன்கள் முட்டையிடத் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் அதே இடங்களைத்தான். மீன் முட்டைக்கு செவுள் கிடையாது. சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து ஒட்சிசன் அதன் மென்தோல் ஊடாக உள்ளே போகவேண்டும், உள்ளே உருவாகும் அமோனியாக் கழிவு அதே வழியால் வெளியே வரவேண்டும். மெல்லிய சேற்றுப் படலம் ஒன்று மூடினாலே இந்தப் போக்குவரத்து தடைப்பட்டு, உள்ளிருக்கும் கரு மூச்சுத்திணறி இறந்துவிடும். இறந்த முட்டையில் பூஞ்சணம் பிடித்துப் பக்கத்து முட்டைகளுக்கும் பரவும்.

எல்லா இனங்களும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பெண் திலாப்பியா முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். ஆகவே வண்டல் அதன் முட்டையை நேரடியாக மூடுவதில்லை. ஆனால் ஆண் மீன் குழி தோண்டி இணையை அழைப்பதற்கு உறுதியான ஆழமற்ற தரை வேண்டும், அந்தத் தரை சேறானால் குழி நிற்காது. விரால் நீர்த்தாவரங்களுக்கிடையே ஓர் இடைவெளியைத் துப்புரவாக்கி, மிதக்கும் முட்டைகளை அங்கே இடும். அவை ஏறத்தாழ ஒரு நாள் அல்லது இரண்டு நாட்களில் பொரித்துவிடும். ஆண் மீன் காவல் நிற்கும். முட்டை மிதப்பதால் அடிச்சேறு அதைக் கொல்லாது. ஆனால் கரை இடிந்து புல்லும் பற்றையும் போய்விட்டால் விராலுக்குக் கூடு கட்ட இடமே கிடையாது. நீங்கள் விரால் குஞ்சு காணவில்லை என்று எழுதியதை வாசித்ததும் நான் முதலில் நினைத்தது தண்ணீரை அல்ல, கரையைத்தான். வாவியை அண்டிய பகுதிகளில் கல்லிலும் கட்டையிலும் முட்டையை ஒட்டவைக்கும் செத்தல் மீன், தன் செட்டையால் விசிறி முட்டைமேல் படியும் தூசியை நீக்கும். கலங்கல் கூடினால் அதன் உழைப்பும் கூடும், ஓர் எல்லைக்கு மேல் அதனாலும் ஈடுகொடுக்க முடியாது. மிகவும் பாதிக்கப்படுபவை முட்டையைச் செடியிலும் பரலிலும் சிதறிவிட்டுப் போய்விடும் சிறு கெண்டை இனங்கள். அவற்றுக்குக் காவலும் இல்லை, விசிறலும் இல்லை. அவை சந்தைக்கு வராத மீன்கள் என்பதால் அவற்றின் மறைவைப் பற்றி எவரும் முறையிடுவதும் இல்லை.

கலங்கல் முட்டையைக் கொல்வதோடு நிற்பதில்லை. பல மீன்கள் நிறத்தைப் பார்த்தே தம் இனத்து இணையைத் தெரிவுசெய்கின்றன. ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியில், தண்ணீர் கலங்கிய இடங்களில் நிறம் தெரியாமல் வெவ்வேறு இன மீன்கள் கலந்து இணைசேர்ந்து இன வேறுபாடே மங்கிப்போவதை ஓலே சீஹவுசனும் அவருடைய சகாக்களும் 1997 இல் எடுத்துக்காட்டினார்கள். அங்கு தண்ணீர் கலங்கியதற்குச் சுரங்கம் காரணம் அல்ல. ஆனால் கண்ணுக்கு ஒளி எட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. மேலும், நெடுநாள் கலங்கலுக்குள் இருக்கும் மீனின் உடலில் நெருக்கடி ஓமோனான கோட்டிசோல் உயர்ந்து, இனப்பெருக்க ஓமோன்களை அடக்கும். அப்போது சினைப்பைக்குள் வளர்ந்துகொண்டிருந்த முட்டைகளை மீன் இடாமல் தன் உடலுக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும். வெளியே பார்த்தால் கொழுத்த மீன், அறுத்துப் பார்த்தால் சினை சுருங்கிக் கிடக்கும்.

கடைசியாக மடுக்களைப் பற்றி எழுதியாக வேண்டும். எமது ஆறுகள் ஆவணி, புரட்டாதியில் தொடர் ஓட்டமின்றி இடையிடையே மடுக்களாகச் சுருங்கும். அடுத்த மாரிக்கு முட்டையிட வேண்டிய தாய்மீன்கள் அந்த மடுக்களில்தான் ஒதுங்கியிருக்கும். ஆற்றுக்குள் இயந்திரம் இறங்குவதற்கு வசதியான காலமும் அதுதான். வருடத்தின் பலவீனமான நேரத்தில், மிச்சமிருக்கும் ஒரே புகலிடத்தில் கலக்குவதென்பது, அகழும் கனமீட்டர் கணக்கில் எங்கேயும் வராத ஒரு சேதம்.

ஒலுவில் மாணவி எழுதியது:

முந்தனையான் அண்ணன் வெளிநாடுகளில் நடந்ததும் இங்கு நடப்பதும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறார். சூழல் இரசாயனவியல் படிப்பவள் என்ற வகையில் அதற்குப் பதில் எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், விளைவு ஒன்றாகத் தோன்றினாலும் வழி வேறு. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் உங்கள் முறைப்பாடு பலவீனப்பட்டுப் போகும்.

செப்பு, நாகம் (துத்தநாகம்), நிக்கல், நிலக்கரி போன்றவற்றை அகழும் இடங்களில் பாறைக்குள் இரும்புச் சல்பைட்டு பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். அது காற்றும் நீரும் பட்டவுடன் கந்தக அமிலமாக மாறி, பாறையிலுள்ள மற்ற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு ஆற்றுக்குள் வரும். அமிலம் இனப்பெருக்கத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கிடைத்தது. டேவிட் ஷிண்ட்லர் தலைமையில் 1976 முதல் 1983 வரை, ‘223 ஆம் இலக்க ஏரி’ என்ற சிறிய ஏரியில் வேண்டுமென்றே சிறிது சிறிதாக அமிலம் சேர்த்து, பி.எச். பெறுமானத்தை (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, அது குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 6.8 இலிருந்து 5 வரை இறக்கினார்கள். வளர்ந்த திரவுட்டு மீன்கள் ஏரியில் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும்போதே குஞ்சுகளின் வரவு நின்றுவிட்டது. அவற்றின் இரையான சிறு மீன்கள் அதற்கும் முன்னரே குஞ்சு விடுவதை நிறுத்தியிருந்தன. கல்லடி ஐயா மேலே எழுதிய, மீன் இருக்கும்போதே இனப்பெருக்கம் நின்றுவிடும் என்ற விடயத்தை ஒரு முழு ஏரியில் கண்ணால் கண்ட பரிசோதனை அது.

உலோகங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் கைவைக்கும். கரைந்த செப்பு மிகக் குறைந்த அளவிலேயே மீனின் மோப்ப உணர்வைக் கெடுக்கும். முட்டையிடும் இடத்தைத் தேடிச் செல்லும் மீனுக்கு மோப்பம்தான் வழிகாட்டி. கனடாவின் மிராமிச்சி ஆற்றில் 1960களில் சுரங்கத்திலிருந்து செப்பும் நாகமும் கலந்தபோது, முட்டையிட மேலேறிச் சென்ற சமன் மீன்களில் கணிசமானவை பாதி வழியிலேயே திரும்பி வந்தன. அவற்றை எதுவும் கொல்லவில்லை. ஆனால் அந்த வருடம் அவை அங்கே முட்டையிடவில்லை. கட்மியம் போன்றவை ஈரலில் மஞ்சட்கருப் புரதம் உருவாவதைக் குழப்பும். செலனியம் இன்னும் கொடியது. அது தாய் மீனுக்கு வெளிப்படையான தீங்கு செய்யாமல் மஞ்சட்கரு வழியாகக் குஞ்சுக்குப் போய்ச் சேர்ந்து, முள்ளந்தண்டு வளைந்த குஞ்சுகளைப் பிறக்கவைக்கும். 1970களில் வட கரோலினாவின் பெலூஸ் ஏரிக்குள் அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் நீர் கலந்தபோது, அங்கிருந்த இருபது மீன் இனங்களில் பெரும்பாலானவை இவ்வாறே சில வருடங்களில் அற்றுப்போயின.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். நன்னீர் மீனின் விந்தணு தண்ணீரைத் தொட்ட கணத்தில்தான் நீந்தத் தொடங்கும். பெரும்பாலான இனங்களில் ஓரிரு நிமிடங்களுக்குள் அதன் வலு தீர்ந்துவிடும். அந்தக் குறுகிய நேரத்தில் தண்ணீரில் அமிலமோ உலோகமோ உப்போ கூடுதலாக இருந்தால் கருக்கட்டல் தவறிப்போகும்.

இப்போது முந்தனை ஆற்றுக்கு வருவோம். ஆற்று மணலை அள்ளுவதற்கு அமிலமோ சயனைட்டோ பாதரசமோ பயன்படுத்துவதில்லை. மணலின் பெரும்பகுதி குவாட்சு என்ற கடினமான கனிமம், அது தண்ணீரில் கரையாது. இயந்திரத்திலிருந்து டீசலும் எண்ணெயும் சிந்தலாம், அது உண்மையான பிரச்சினைதான். ஆனால் ஆறு முழுவதும் மீன் மலடாவதற்கு அதைக் காரணம் காட்ட முடியாது. ஆகவே “இரசாயனம் கலக்கிறார்கள்” என்று எழுதினால், ஒரு போத்தல் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்து, உலோகம் இல்லை, பி.எச். சரியாக இருக்கிறது என்று ஒரே வரியில் உங்கள் முறைப்பாட்டை முடித்துவிடுவார்கள். வண்டல் நஞ்சு அல்ல. ஆனால் அது நஞ்சு செய்யும் வேலையையே செய்கிறது. 2015 நவம்பர் 5 அன்று பிரேசிலின் மரியானா அருகே இரும்புச் சுரங்கக் கழிவு அணை உடைந்தபோது, டோசி ஆறு வழியாகக் கடல் வரை 600 கிலோமீற்றருக்கும் மேல் ஓடிய சேறு, மீன்கள் முட்டையிட ஆறேறும் பருவத்திலேயே வந்து சேர்ந்தது. அங்கே உலோகம் பற்றிய வாதம் பல வருடங்கள் நீடித்தது. சேறு மூடியதைப் பற்றி எவரும் வாதிடவில்லை.

சம்மாந்துறைக் கமக்காரர் எழுதியது:

மேலே எழுதிய இருவரும் நல்ல விளக்கம் தந்திருக்கிறார்கள். இருந்தாலும், தம்பி முந்தனையான், வயல் செய்பவன் என்ற முறையில் நான் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மீன்குஞ்சு குறைந்ததற்கு மணல் அகழ்வு மட்டும்தான் காரணம் என்று முடிவுகட்டுவதற்கு முன், வயலிலிருந்து வடியும் தண்ணீரையும் நேர்மையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். பெரும்போகத்தில் விதைப்பு முடிந்து களைநாசினி அடிக்கும் காலமும், முதல் மழைக்கு மீன்கள் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குள்ளும் வயலுக்குள்ளும் ஏறி முட்டையிடும் காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். பூச்சிநாசினி அடித்த வரம்போரத்தில் சிறு மீன்கள் செத்து ஒதுங்கிக் கிடப்பதை இந்தப் பகுதிக் கமக்காரர் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்தும் பேசாமல் இருக்கிறோம்.

குளங்களில் நீர்மட்டமும் ஒரு காரணம். துருசு திறந்து சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடும்போது மட்டம் வேகமாக இறங்கும். திலாப்பியா குழிகள் முழங்கால் ஆழத்திலேயே இருப்பதால் சில நாட்களில் அவை கரையில் காய்ந்து கிடக்கும். இவற்றோடு ஒற்றை நைலோன் இழையால் பின்னிய தங்கூசி வலை வேறு. சிறு கண் வலை போட்டு, முதல் சினை பிடிக்கும் முன்பே மீனை வாரி எடுக்கிறார்கள். இதை எல்லாம் நான் எழுதுவது அகழ்வுக்காரரைக் காப்பாற்றுவதற்காக அல்ல. அவர்களின் அகழ்வால் எங்கள் வயலோரக் கரையும்தான் இடிகிறது. ஆனால் நீங்கள் இவற்றைப் பேசாமல் விட்டால் எதிர்த்தரப்பு பேசும், அப்போது நீங்கள் எதையோ மறைத்தது போல் ஆகிவிடும்.

இன்னொரு விடயம், “மீன் பிடிபடுகிறதுதானே” என்ற பேச்சுக்கு இது நேரடிப் பதில். குளங்களில் பிடிபடும் கட்லா, ரோகு, மிரிகால் எல்லாம் அங்கே பிறந்த மீன்கள் அல்ல. அவை ஓடும் பெரிய ஆறுகளில் முட்டையிடும் இந்தியக் கெண்டைகள், குளத்து நீரில் தாமாகப் பெருகுவதில்லை. குஞ்சு பொரிப்பகத்தில் உருவாக்கி, தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை வழியாகக் குளங்களில் விடப்படுபவை. சேனநாயக்க சமுத்திரம் ஆகட்டும், உன்னிச்சை ஆகட்டும், விட்ட குஞ்சு வளர்ந்து பிடிபட்டால் தொகை கூடித்தான் தெரியும். அந்தத் தொகையைக் காட்டி, நீர்நிலை நன்றாக இருக்கிறது, மீன் பெருகுகிறது என்று சொல்வது பிழையான கணக்கு. இனப்பெருக்கத்தைப் பார்க்க வேண்டுமானால், விட்ட மீனைத் தனியாகவும் தானாகப் பெருகும் மீனைத் தனியாகவும் எழுத வேண்டும்.

முந்தனையான் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கல்லடி ஐயா கரையைப் பற்றி எழுதியது சரியாகப் பொருந்துகிறது. அகழ்வு நடக்கும் பகுதியில் நாணலும் பற்றையும் இருந்த கரை, செங்குத்தாக வெட்டுண்டு நிற்கிறது. வயல் தண்ணீர் பற்றி சம்மாந்துறை அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் பகுதியில் அகழ்வு நடக்கும் இடத்துக்கு மேலேயும் வயல்கள் உண்டு, கீழேயும் உண்டு. மேற்பகுதி வயல்களிலும் அதே மருந்துதான் அடிக்கிறார்கள். ஆனால் மேற்பகுதியில் விரால் குஞ்சு இன்னமும் தென்படுகிறது. இது ஒரு சான்றாகுமா? நாங்களே செய்யக்கூடிய அளவீடுகளைப் பற்றியும், எழுத வேண்டிய இடத்தைப் பற்றியும் யாராவது விளக்க முடியுமா?

கல்லடி வாசி எழுதியது:

நல்ல சான்றாகும், ஆனால் அதை எழுத்தில் பதிந்தால்தான். ஒரே ஆற்றில், ஒரே மருந்து வடியும் வயல்களுக்கிடையே, மேலே குஞ்சு உண்டு, கீழே இல்லை என்று காட்ட முடிந்தால், வயல் தண்ணீர் என்ற வாதம் பெருமளவு விலகிவிடும். ஆகவே அகழ்வு இடத்துக்கு மேலே இரண்டு இடங்களையும் கீழே இரண்டு இடங்களையும் தெரிவுசெய்து, ஒவ்வொரு முறையும் அதே இடங்களையே பாருங்கள். கிட்டிய தூரத்தில் அகழ்வு இல்லாத இன்னோர் ஆற்றிலோ கிளையிலோ ஓர் இடத்தைச் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒரே நாளில் எல்லா இடங்களையும் பார்ப்பது அவசியம், ஏனெனில் மேலே வெயிலும் கீழே மழைக்குப் பிந்திய நாளுமாக ஒப்பிட்டால் அந்தக் கணக்கை யாரும் ஏற்கமாட்டார்கள்.

கலங்கலை அளக்க, 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு தகரத் தட்டை நான்கு கூறாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசி, நடுவே கயிறு கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கயிற்றில் குறித்து அளந்துகொள்ளுங்கள். உலகெங்கும் நீரியல் ஆய்வாளர்கள் செக்கித் தட்டு என்று பயன்படுத்துவது இதைத்தான், ஆகவே உங்கள் கணக்கை அவர்கள் புரிந்துகொள்வார்கள். ஓட்டம் குறைந்த இடத்தில், வெயில் உச்சிக்கு வரும் நேரத்தை ஒட்டி அளப்பது நல்லது. படியும் வண்டலை அளக்க இன்னும் எளிய வழி உண்டு: ஒரே அளவான ஓடுகளை ஒவ்வோர் இடத்திலும் முழங்கால் ஆழத்தில் வைத்து, ஒரே எண்ணிக்கை நாட்களின் பின் மெதுவாக எடுத்து, மேலே படிந்த சேற்றைச் சுரண்டிக் காயவைத்து நிறுங்கள். மேலேயுள்ள ஓட்டில் ஒரு தூளும், கீழேயுள்ள ஓட்டில் ஒரு கைப்பிடியும் இருந்தால், எந்தக் கூட்டத்திலும் மேசையில் வைத்துக் காட்டலாம்.

மீனில் பார்க்க வேண்டியது சினை. சந்தைக்கு அறுக்கும் பெண் மீன்களில் முழு மீனின் எடையையும் சினைப்பையின் எடையையும் தனித்தனியே நிறுத்து, சினைப்பை எடையை மீனின் எடையால் பிரித்து நூறால் பெருக்கினால் வரும் வீதம், அந்த மீன் முட்டையிட எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறது என்பதைக் காட்டும். ஒரே இனம், ஒரே மாதம், ஏறக்குறைய ஒரே நீளமுள்ள மீன்களை ஒப்பிட வேண்டும். சினை முற்றியதா, இட்டு முடிந்து தளர்ந்ததா, இடாமலே சுருங்கியதா என்றும் பக்கத்தில் எழுதுங்கள். அனுபவமுள்ள மீனவப் பெண்கள் கத்தி வைத்தவுடனேயே இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுவார்கள், அவர்களின் கண்ணை நம்பலாம். இதற்கென்று தனியாக மீனைக் கொல்லத் தேவையில்லை. குஞ்சுக் கூட்டங்களைக் கணக்கிட, மாரி தொடங்கியதும் ஒரே நீளமான கரையை ஒரே வேகத்தில் நடந்து, கண்ட கூட்டங்களைக் குறித்தால் போதும். கூட்டமே காணாத நாளையும் தவறாமல் எழுதுங்கள், உங்கள் கேள்விக்கு அந்தப் பூச்சியங்கள்தான் முக்கியமான பதில்.

சம்மாந்துறை நண்பர் சொன்ன தங்கூசி வலையையும் குறிப்பேட்டில் சேருங்கள். எந்த இடத்தில் எந்த வலை போடப்பட்டது என்பது எழுதப்பட்டிருந்தால் உங்கள் மீதான நம்பிக்கை கூடும்.

எழுத வேண்டிய இடங்களைப் பொறுத்தவரை, மணல் அகழ்வு 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுமதிப்பத்திரம் வழங்குவது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். ஆகவே “அகழ்வை நிறுத்துங்கள்” என்று பொதுவாக எழுதுவதற்கு முன், அந்த அனுமதிப்பத்திரத்தில் என்ன நிபந்தனைகள் உள்ளன, எவ்வளவு ஆழம், எவ்வளவு அளவு, எந்த இயந்திரம், கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பவற்றைக் கேட்டுப் பெறுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம், தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். நிபந்தனை கையில் வந்தபின், களத்தில் நடப்பது அதற்கு மாறாக இருந்தால் முறைப்பாடு செய்வது மிகவும் எளிது. பிரதிகளை மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும், பிரதேச செயலகத்துக்கும், நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும், நீருயிரின வளர்ப்பு அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.

கோரிக்கையையும் மீனின் பருவத்தோடு பொருந்த வையுங்கள். வருடம் முழுவதும் தடை என்று கேட்டால், கட்டட வேலையையும் கூலியையும் காட்டி எளிதாக மறுத்துவிடுவார்கள். மடுக்களுக்குள்ளும் அவற்றை அண்டியும் எந்தக் காலத்திலும் அகழக்கூடாது, முதல் மழை தொடங்கி மீன் ஏறும் மாதங்களில் ஆற்றுக்குள் இயந்திரம் இறங்கக்கூடாது, நாணலும் பற்றையும் உள்ள கரையைத் தொடக்கூடாது, மணல் கழுவிய தண்ணீரைத் தேக்கித் தெளியவிடாமல் ஆற்றுக்குள் விடக்கூடாது என்று குறிப்பாகக் கேளுங்கள். இந்த நான்கும் கிடைத்தால் முட்டைக்கும் குஞ்சுக்கும் வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஆற்றின் கீழ்ப்பகுதியில், வாவிக்குக் கிட்ட, ஆற்றுத் தரை ஆழமாவதால் உவர்நீர் மேலேறுவதையும் தனியாகக் குறிப்பிடுங்கள். அது மீனோடு சேர்த்துக் கமக்காரரின் கிணற்றையும் வயலையும் தொடும் விடயம், ஆகவே கமக்காரர் அமைப்பும் உங்களோடு கையொப்பம் இடும்.

ஒலுவில் மாணவி எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. தண்ணீர் மாதிரியை ஒரு முறையாவது முறையாகப் பரிசோதித்து, பி.எச். பெறுமானம், கரைந்த ஒட்சிசன், மிதக்கும் திண்மத்தின் அளவு ஆகியவற்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். உலோகம் இல்லை என்ற முடிவு வந்தால் அதை மறைக்காமல் கடிதத்தில் நீங்களே எழுதுங்கள், அப்போது எஞ்சி நிற்கும் காரணம் வண்டலும் இடிந்த கரையும்தான் என்பது தெளிவாகும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விலங்கியல் பகுதி உங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர் ஒருவர், ஏற்கெனவே குறிப்பேடு வைத்திருக்கும் மீனவர்களை நிச்சயம் வரவேற்பார்.

முந்தனையான் எழுதியது:

விளங்கிக்கொண்டேன். தட்டும் ஓடுகளும் இந்த வாரமே ஆயத்தமாகும், மடுக்கள் வற்றுவதற்கு முன் முதல் அளவீட்டை எடுத்துவிடுவோம். அனுமதிப்பத்திர நிபந்தனைகளைக் கேட்கும் விண்ணப்பத்தைச் சங்கத்தின் பெயரில் அல்லாமல் ஓர் உறுப்பினரின் பெயரில் அனுப்புவதாகத் தீர்மானித்திருக்கிறோம். சினை நிறுப்பதற்குக் கிராம் கணக்கில் காட்டும் சிறிய தராசு ஒன்று தேவைப்படுகிறது. மட்டக்களப்பு நகரில் நகைக்கடைத் தராசு வாங்கினால் போதுமா, அல்லது ஈரத்துக்குத் தாங்கும் வேறு வகை உண்டா என்பதைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.